தட்டு திரும்பியதா?

“நான் பாத்துக்கிட்டு இருந்தாத்தான் மேடம் அந்த ஆள் வேலை பாக்கார்.”

வந்ததும் வராததுமாகக் கோமதிநாயகம் சொன்ன புகார் இது. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

எப்சிபா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நான் கண்ணை எடுத்தாப் போதும். தட்டைத் திருப்பாம அப்படியே போட்டு வச்சிருதார்.”

“யாரு சார்?”

“மாதப்பன்தான். வேற யாரு.”

மேலே போவதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள்.

சீடருக்கு வயது நாற்பத்தேழு. குருவுக்கு முப்பத்தொன்பது. சிரிக்காதீர்கள், வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் மத்தியில் இதெல்லாம் சகஜம். கோமதிநாயகம் பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் வாத்தியார். எப்சிபா பக்கத்துக் கல்லூரியில் பேராசிரியை, அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டி. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார்.

மாதப்பன் அந்த அறையிலேயே இல்லை. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஓசூரையும் தாண்டி, ஒரு மலைக்காட்டுக்குள் இருந்தார்.

அங்கே ஒரு ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. கல்யாண மண்டபம் அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு. கண்ணாடி வைத்த டெலஸ்கோப் வானத்தைப் பார்க்கும், இது கேட்கும். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. அதற்கு இருட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பட்டப்பகலிலும் கேட்கும்.

தட்டைத் திருப்ப யாரும் மலை ஏற வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் இந்த இடத்துக்குத் திரும்பு என்று எழுதினால் நெட் வழியாகக் கட்டளை போய்ச் சேரும். அங்கே மாதப்பன் காற்று எப்படி அடிக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். தட்டு திரும்பும். அது கேட்டதெல்லாம் இங்கே திரையில் ஒரு கோடாக வந்து விழும்.

எங்கேயோ கிடக்கும் ஒரு கேலக்சியில் ஹைட்ரஜன் வாயு இருக்கிறதா என்று ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார் கோமதிநாயகம். இருந்தால் அந்தக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு தடவை கெடு நீட்டியாகிவிட்டது, மூன்றாவது தடவை கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இப்போது விட்டால் ஏழு வருஷமும் தண்ணீரில் கரைத்த மாதிரிதான்.

அதனால்தான் மனுஷர் அப்படிப் பதறினார்.

கோமதிநாயகம் கெட்டவர் இல்லை, சந்தேகப் பிராணி. மிக்சியைப் பழுது பார்க்கக் கொடுத்தால் உள்ளே மோட்டாரில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத்தான் கொடுப்பார், அதே மோட்டார் திரும்பி வருகிறதா என்று பார்க்க. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தபோது, முதலில் உங்கள் கையில் கட்டிக் காட்டுங்கள், மெஷின் சரியா என்று தெரியட்டும் என்றவர். இவரோடு குடித்தனம் நடத்துவது விசாரணைக் கமிஷனில் உட்கார்ந்திருப்பது போலத்தான் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாராம். சிரிப்புக்குச் சொன்னதா என்று எனக்கே சந்தேகம்.

இப்படிப்பட்டவரிடம், அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தட்டு இருக்கிறது, முகம் தெரியாத ஒருத்தர் அதைத் திருப்புவார், நீங்கள் நம்பிக்கொண்டிருங்கள் என்றால்?

தட்டு இருபது நாள் அவருக்குக் கிடைத்தது, தினமும் காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை. முதல் நாளே திரையில் ‘திரும்பியாயிற்று’ என்று எழுத்து வந்தது. கோணம் இத்தனை டிகிரி என்று எண்ணும் வந்தது.

எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்று தோன்றியது கோமதிநாயகத்துக்கு.

தட்டுக்குக் கீழே ஒரு கேமரா உண்டு. புயல் காற்றில் தட்டுக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்க்க வைத்தது. அதை எனக்குத் திறந்துவிடுங்கள், நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று போன் செய்து கேட்டார்.

தட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது கேமராவைத் திறப்பது இங்கே வழக்கமில்லைங்க சார் என்றார் மாதப்பன்.

போதாதா? வழக்கமில்லையாம். அன்றைக்கே மாதப்பன்மேல் முத்திரை குத்தியாகிவிட்டது.

மேலிடத்துக்கு எழுதினார். விடாமல் எழுதினார். அந்த மலையில் கம்பி போன் மட்டும்தான், மொபைல் போனுக்கு அனுமதி இல்லை, அதன் அலை தட்டின் காதில் விழுந்துவிடும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். கேமரா தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, எதுவும் வெளியே கசியாது என்று அதிகாரி ஒருவரிடம் எழுதி வாங்கினார். யாரையும் நம்பாத மனுஷர் அந்த ஒரு காகிதத்தை நம்பினார். அது அவர் அலைந்து வாங்கிய காகிதம் இல்லையா.

அதற்குப் பிறகு, கம்ப்யூட்டரில் கேமராப் படம் வரும் ஜன்னலைத் திறந்தால் மலையில் கேமரா விழிக்கும். மூடினால் தூங்கும்.

“சரி சார். இப்போ என்ன ஆச்சு?” என்றார் எப்சிபா.

கோமதிநாயகம் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். பத்தொன்பது நாள் முடிந்துவிட்டது. அதில் ஒன்பது நாள் அவர் இந்த அறையிலேயே உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் பாலிடெக்னிக்கில் தேர்வு மேற்பார்வை. அந்த நாட்களில் காலையிலேயே கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார், கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு அனுப்பிக்கொள்ளும்.

பார்த்த ஒன்பது நாளும் மேடு இருக்கிறது. ஜம்மென்று இருக்கிறது.

பார்க்காத பத்து நாளும் மேடு இல்லை. கோடு சப்பையாகக் கிடக்கிறது.

“இதுக்கு என்ன மேடம் அர்த்தம்? நான் பாக்கும்போது திருப்புதார். பாக்காதப்போ திருப்பாமலே திருப்பிட்டேன்னு அடிச்சு விடுதார்.”

எப்சிபா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். ஒன்பது நாள் காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“மேடு நல்லா இருக்கு” என்றார்.

கோமதிநாயகத்துக்கு முகம் மலர்ந்துபோயிற்று. அதில் ஒன்றை அவர் மனைவி வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியே வைத்திருந்தார். இன்றைக்குக் கடைசி நாள் என்று சொன்னார் கோமதிநாயகம். இன்றைக்காவது வேறு ஆளைப் போடச் சொல்லி மேடம் மேலே பேச வேண்டும்.

எப்சிபா எழுந்து வந்து, கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். இந்த ஏழு வருஷத்தில் அவர் அப்படி வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“பக்கத்து வெறும் வானத்தையும் கேப்பீங்க இல்லையா?”

கேட்பேன் என்றார். அது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. பத்து நிமிஷம் கேலக்சி, பத்து நிமிஷம் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடம். கேலக்சியில் மேடு இருந்து வெறும் வானத்தில் இல்லாமல் போனால், மேடு அந்த கேலக்சியுடையதுதான் என்று அர்த்தம். அவருக்கும் அப்படியேதான் வந்திருந்தது. கேலக்சியில் உண்டு, வெறும் வானத்தில் இல்லை.

“வெறும் வானத்தைக் கேக்கும்போது கேமராவுல பாப்பீங்களா?”

“அதை எதுக்கு மேடம் பாக்கணும்? நம்ம நெட்டு ஏற்கெனவே நொண்டி. கேமரா திறந்தா இன்னும் இழுக்கும். கேலக்சிக்குத் திரும்பும்போது மட்டும் திறப்பேன். பத்து நிமிஷம் ஆனதும் மூடிருவேன்.”

எப்சிபா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணுமே இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க சார். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடமா இருக்கணும்.”

அவர் ஒரு இடத்தைச் சொன்னார். அங்கே தட்டைத் திருப்பச் சொல்லிக் கட்டளை போயிற்று. கேமராவை மூடப் போனவரின் கையை எப்சிபா தடுத்தார். திறந்தே இருக்கட்டும் என்றார்.

பத்து நிமிஷம் கழித்துத் திரையில் மேடு எழும்பி நின்றது.

கோமதிநாயகத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா மேடம். நான் சொன்னேன்ல. தட்டு இன்னும் கேலக்சியிலதான் நிக்கு. அவர் திருப்பவே இல்ல.”

எப்சிபா கேமரா படத்தைக் காட்டினார். தட்டு நன்றாகச் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சிறு பிள்ளைக்கும் தெரியும்.

“அது பழைய படமா இருக்கும். எடுத்து வச்சு ஓட்டுதாரோ என்னமோ.”

இதற்கு மேல் ஒரு மனுஷரிடம் என்னதான் சொல்வது? எப்சிபா மலைக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தார். வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

கோமதிநாயகமும் கூசாமல் கேட்டார். தட்டுக்குக் கீழே போய் நில்லுங்கள், இடது கையைத் தூக்குங்கள், மூன்று விரலைக் காட்டுங்கள் என்றார்.

கொஞ்ச நேரத்தில் கேமராவில் ஒரு மனுஷர் வந்தார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு, ஐம்பது வயதிருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். இவர்கள் பார்த்துவிட்டார்களா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? காட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

எப்சிபாவுக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கோமதிநாயகத்துக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“சரி, தட்டு திரும்பித்தான் இருக்கு” என்றார். “அப்போ இந்த மேடு எங்கிருந்து வந்துச்சு?”

எப்சிபா கை நீட்டிக் கேமரா ஜன்னலை மூடினார்.

ஏன் மூடினீர்கள் என்று கேட்டார் கோமதிநாயகம். எப்சிபா திரையைக் காட்டினார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. திரையில் கோடு சப்பையாக விழுந்தது.

எப்சிபா ஜன்னலைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் மேடு வந்தது.

மூடினார். மேடு போயிற்று.

“தகரப் பெட்டிக்குள்ள இருக்கு மேடம்” என்றார் கோமதிநாயகம். “கசியாதுன்னு எழுதியே கொடுத்திருக்காங்க.”

எப்சிபா அந்தக் காகிதத்தைப் பார்க்கவே கேட்கவில்லை.

கோமதிநாயகத்துக்கு மெதுவாகத்தான் ஏறியது. கேலக்சிக்குத் தட்டு திரும்பும்போதெல்லாம் கேமராவைத் திறந்தவர் அவர். வெறும் வானத்துக்குப் போகும்போதெல்லாம் மூடியவரும் அவர். ஒன்பது நாள் அவர் வரைந்து வைத்த மேடு அந்தக் கேமரா தட்டின் காதுக்குள் போட்ட இரைச்சல். ஹைட்ரஜனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

மேஜைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வளர்ந்த ஆள் அப்படி அழுவதைப் பார்க்க யாருக்கும் மனசு தாங்காது. எப்சிபா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்ததும் எப்சிபா கேட்டார்.

“நீங்க பாக்காத பத்து நாள் எங்க சார்?”

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பத்து நாளும்தான் கேமரா தூங்கிய நாள். இரைச்சல் இல்லாமல் தட்டு கேட்ட நாள். ஒரு நாள் கோட்டில் ஒன்றும் தெரியாதுதான். அவ்வளவு தூரத்துப் பேச்சு ஒரு நாளில் காதில் விழுந்துவிடாது. பத்து நாளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால், இரைச்சல் அடங்கி, உள்ளே ஏதாவது இருந்தால் தலைகாட்டும். தலைகாட்டினால் மாதக் கடைசிக்குள் ஏட்டைக் கொடுத்துவிடலாம்.

“அழிச்சிட்டேன் மேடம்.”

“அங்க மலையில ஒரு பிரதி இருக்குமே.”

அதையும் அழிக்கச் சொன்னேன் என்றார். பொய்க் கணக்கும் மெய்க் கணக்கும் கலந்துவிடக் கூடாது என்று, பத்து நாளையும் தேதி போட்டு, உடனே அழிக்கவும் என்று மாதப்பனுக்கு எழுதினாராம். அழித்தாயிற்று என்று மறுநாளே மாதப்பனிடமிருந்து பதிலும் வந்துவிட்டதாம். அந்தப் பதிலையும் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார்.

எப்சிபா போனை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.

கோமதிநாயகம் அதை எடுக்கத் தயங்கின தயக்கம் இருக்கிறதே. சற்று முன்னால்தான் அந்த மனுஷரை வெயிலில் நிறுத்தி விரலைக் காட்டச் சொன்னார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? ஆனாலும் ஏழு வருஷம் ஆயிற்றே. எடுத்தார்.

அந்தப் பத்து நாள் ஏதாவது ஒரு மூலையில் மிச்சம் இருக்குமா என்று கேட்டார். கேட்கும்போதே இருக்காது என்றுதான் நினைத்தார்.

“இருக்குங்க சார்” என்றார் மாதப்பன். “பத்து நாளும் இருக்குது.”

“அழிக்கச் சொன்னேனே?”

“சொன்னீங்க. மனசு வரலைங்க. பத்து நாள் தட்டு வேலை செஞ்சிருக்குதுங்க சார்.”

கோமதிநாயகத்துக்குக் கண்ணில் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா?

“அழிச்சாச்சுன்னு எனக்கு எழுதியிருந்தீங்களே.”

“ஆமாங்க சார். அது பொய்தாங்க.”

சாயங்காலத்துக்குள் பத்து நாளையும் அனுப்பிவிடுகிறேன் என்றார் மாதப்பன். மணி பன்னிரண்டரை. இரண்டு மணி வரை தட்டு இன்னும் உங்களுடையதுதான், கேலக்சிக்குத் திருப்பட்டுமா, கேமராவைத் திறந்துகொள்கிறீர்களா என்று கேட்டார். குரலில் குத்தலும் இல்லை, குழைவும் இல்லை. தினமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

கோமதிநாயகம் போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எப்சிபாவைப் பார்த்தார்.

“மேடம், பொய் சொன்னேன்னு அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டார். இனி கேமராவும் கிடையாது. திருப்பிட்டேன்னு இவர் சொன்னா நான் எதை வச்சு நம்ப?”

எப்சிபா விடைத்தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டார்.

“உங்களை எதை வச்சு நம்புறதுன்னு நானும் ஏழு வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்” என்றார்.

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அறையில் கோமதிநாயகம் மட்டும் இருந்தார். போனுக்குள் மாதப்பன், சார், லைன்ல இருக்கீங்களா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

“திருப்புங்க” என்றார் கோமதிநாயகம். “கேமரா வேண்டாம்.”

சரிங்க என்று சத்தம் வந்தது. பிறகு பொத்தான் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவர் காதோடு போனை ஒட்டி வைத்துக்கொண்டு, இல்லாத ஜன்னல் இருந்த இடத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். கை தன்னால் மவுஸ் பக்கம் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“திரும்பிருச்சுங்க சார்.”

மேஜையில் பதிவேடு திறந்து கிடந்தது. நேரம், கோணம், பார்த்தவர் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள். கோமதிநாயகம் நேரத்தை எழுதினார். கோணத்தை எழுதினார்.

மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்து வெகுநேரம் இருந்தார். பிறகு, மாதப்பன் என்று எழுதினார்.